மேல் வீடு: கோராய் நாட்குறிப்பு

நவம்பர் 29, வெள்ளி

அம்மா போன் பண்ணினாள். தாராவியை இடித்துக் கட்டப் போகிற சர்வேக்காக எங்கள் கல்லியில், அதாவது சந்தில், எல்லா வீட்டுக்கும் நம்பர் போட்டுவிட்டார்களாம். கீழே சித்தப்பா வீட்டுக் கதவில் ஒன்று. எங்களுக்கு ஏணிக்குப் பக்கத்தில் தகரத்தில் ஒன்று. "செவப்பு பெயிண்ட்டு. கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள். வீட்டுப் பேப்பர்கள் வைத்திருக்கிற மஞ்சப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பத்திரமா இருக்கு என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

இன்னும் துணி எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 30, சனி

கோராய்க்குப் போக போரிவலியில் இறங்கி, ஜெட்டி வரைக்கும் ஆட்டோ, அப்புறம் படகு. கழியின் இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். எதிரே விபாசனா தியான பகோடாக் கோபுரத்தின் தங்க நிறம். படகில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆனால் பம்பாயைவிட்டே போய்விட்ட மாதிரி இருந்தது.

மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லாருமே கவுன்சலிங் வேலை செய்கிறவர்கள். புனே, நாக்பூர், பெங்களூர், சென்னை. பகலில் நகரத்துக்குள் போய்ப் பார்க்கிறோம், கேட்கிறோம். சாயங்காலம் இங்கே திரும்பி வந்து அவரவர் உடம்பையும் மனதையும் கவனித்துக்கொள்கிறோம். அதுதான் ஏற்பாடு. ராத்திரி போன்களை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். நான் போடவில்லை. அம்மா என்று காரணம் சொன்னேன், விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்லவில்லை.

வட்டமாக உட்கார்ந்து பெயர், ஊர் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தபோது சயான் என்று சொன்னேன்.

சயான் என்று ஏன் சொன்னேன்? அது தாராவிக்குப் பக்கத்து ஏரியா. அப்பா பள்ளிக்கூட பாரத்தில் அப்படித்தான் எழுதினார். தாராவி என்று எழுதினால் பேங்க்கில் லோன் கிடைக்காது, வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அது அப்போது. இன்று எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எனக்கு வேலை தருகிறவர்கள் இல்லை. பதினைந்து வருஷமாக என் எதிரில் உட்காருகிறவர்களிடம், எங்கே இருக்கிறீர்களோ அங்கேயிருந்தே பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சயான். வாயில் வந்துவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை. ரயில் ஊர்ந்துகொண்டே போனது. பரேல், பி.ஐ.டி. சால் என்கிற வரிசை அறைக் குடியிருப்பு. 1912-லிருந்து 1934 வரை அம்பேத்கர் குடும்பம் இருந்த கட்டடம். சிறிய அறைகள், வெளியே நீளமாக கேலரி, கம்பியில் துணிகள். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கியவர் திரும்பி வந்து இருந்தது இங்கேதான்.

அவர் எந்த மூலையில் உட்கார்ந்து படித்திருப்பார் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரமாபாய் எங்கே உட்கார்ந்து அழுதிருப்பார் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பிள்ளைகள் பெற்றார். யஷ்வந்த் ஒருவர்தான் தங்கினார், மற்ற நாலு பேரும் போய்விட்டார்கள். புருஷன் கடல் கடந்து வருஷக்கணக்கில் படிப்பு. எல்லார் கதவும் திறந்து கிடக்கிற சாலில் ஒரு பெண் அழுவதற்கு மறைவு ஏது?

எனக்குத் தெரிந்த மறைவு ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டு அழுவது. அம்மா அப்படித்தான் அழுவாள். மோரியில், வீட்டுக்குள் தண்ணீர் புழங்குகிற மூலையில், குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் அழுவாள். தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். அழுகையும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் அவள் குழாயை மூடவில்லை என்றால் அப்பா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சாயங்காலம், கேட்டுக் கேட்டே கவுன்சலர்களுக்கு வருகிற பாதிப்பைப் பற்றிப் பேச்சு. மக்கான், பெர்ல்மன் இருவரும் 1990-ல் எழுதியது. அடுத்தவர் காயத்தை நாள்தோறும் கேட்கிறவருக்குள் அந்தக் காயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையே மாறிப்போகிறது. உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்கிறவர் காயம் இல்லாமல் வந்து உட்கார்ந்தவர் என்றே அந்தப் பேச்சு எப்போதும் ஆரம்பிக்கிறது. வெளியே நிற்கிறவருக்குத்தான் இறங்கும். உள்ளேயே பிறந்தவருக்கு? என் எதிரில் ஒரு பெண் தகர வீட்டைப் பற்றிச் சொன்னால், வெயிலில் அந்தத் தகரம் எப்படிப் படபடவென்று சத்தம் போடும் என்று அவள் சொல்வதற்கு முன்பே என் காது கேட்டுவிடுகிறது. அதற்கு அந்தப் பாடத்தில் பெயர் இல்லை.

இதையெல்லாம் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சயான்காரி எப்படிச் சொல்வாள்?

டிசம்பர் 2, திங்கள்

வெளியே எங்கும் போகவில்லை. கடலில் கால் நனைத்துவிட்டு வந்து தூங்கினேன். பகலில், அதுவும் நாலு மணி நேரம். கடைசியாக எப்போது இப்படித் தூங்கினேன் என்று ஞாபகமில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

அந்தேரியில் மாறி மெட்ரோவில் காட்கோபர். ரமாபாய் நகர். மறுபடியும் அவர் பெயர்.

1997 ஜூலை 11. விடிந்தபோது அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு வந்த ஜனங்கள் மேல் ரிசர்வ் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அன்றைக்கு ஸ்கூலிலிருந்து பாதியிலேயே அனுப்பினார்கள். அப்பா சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். எதுவும் பேசாமல் என் பையை வாங்கிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து, ஜூலை 15, மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே முலுண்டில் தன் வீட்டிலேயே உயிரை விட்டார். அவருக்கு என்ன ஆயிற்று என்று என் படிப்பு ஒரு பெயர் சொல்லும். பாரத்தில் எழுதக் கட்டமும் இருக்கிறது. தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது முன்பே இருந்ததா? சுடப்பட்ட பத்துப் பேரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெங்களூர்க்காரர் ஃபனோனை நினைவுபடுத்தினார். அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். காலனி ஆட்சியை அப்படியே வைத்துக்கொண்டு ஆளின் மனதை மட்டும் சரிசெய்ய முடியாது என்று 1956-ல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1956 என்றதும் நாக்பூர் அக்கா, "அக்டோபர் 14" என்றார். அம்பேத்கர் பௌத்தம் தழுவிய தீக்ஷாபூமியில் அன்றைக்கு அக்காவுடைய பாட்டி நின்றிருந்தாராம், வயிற்றில் பிள்ளையோடு. வெள்ளைப் புடவை இல்லாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாராம். அப்புறம் அந்தப் புடவையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம்.

செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு போனில் என்னிடம் பேசுகிற ஒரு பெண் உண்டு. ஐந்து மணி ஆயிற்று. போன் வரவில்லை. ஐந்து நாற்பது. வரவில்லை. இது மூன்றாவது செவ்வாய்.

நான் கூப்பிடக் கூடாது. நாங்கள் பேசி வைத்துக்கொண்டது அப்படி. அரசு மனநல உதவி எண் 14416-ஐத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். தாளை நாலாக மடித்து அவள் செல்போன் உறைக்குள் வைத்ததைப் பார்த்தேன். அது இன்னும் அங்கேயே இருக்க வேண்டும்.

டிசம்பர் 4, புதன்

நாளைக்கு தாராவி.

தாளில் "உழைப்பும் குடியிருப்பும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மாஹிம் ஸ்டேஷன், கும்பார்வாடா, நைன்டி ஃபீட் ரோடு, தமிழர்கள் இருக்கிற கல்லிகள். நல்லபடியாகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, அங்கேயே இருக்கிற பையன் ஒருவன்தான் கூட்டிப் போவான். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். அன்போடுதான் திரும்புவார்கள். அப்புறம் நான்தான் கைகாட்டி. இது என்ன, அது என்ன, உனக்கு எப்படி இருந்தது. சாயங்காலம் வட்டத்தில் என் பேச்சாகவே இருக்கும். மற்ற பதினொரு பேருக்கும் நாளைக்குப் பாடம், அப்புறம் ஓய்வு. எனக்கு இரண்டும் இல்லாமல் போகும். ஓய்வு என்றால் எனக்கு இதுதான்: ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாருக்கும் எதையும் விளக்காமல் இருப்பது.

சொல்லாமலே போகலாம் என்றால், அந்த நேரத்தில் அம்மா வெளியேதான் உட்கார்ந்திருப்பாள். அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடப்பேனா? இதை எழுதும்போதே கை கூசுகிறது.

மேல் வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா வந்தது தோல் பதனிடுகிற வேலைக்கு. கீழே ஒரு அறை போட்டது அவர். 1994-ல் அதன் மேலே இரும்புச் சட்டம் அடித்துத் தகரம் வைத்தது அப்பா. இப்போது சர்வேயில் கணக்கு வேறு. 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்தே இருக்கிற தரைத்தளம் என்றால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மேல் வீடு என்றால் எத்தனை பழசானாலும் தாராவிக்கு வெளியேதான், அதுவும் மாதாமாதம் பணம் கட்டி. அப்பா ஏணி வைத்து ஏறியதால் அம்மா வெளியே போக வேண்டும். சித்தப்பா உள்ளே இருப்பார். ஒரே சுவர், ஒரே ஓடை, ஒரே குழாய்.

அம்மா ராத்திரி இரண்டரைக்கு எழுந்து இட்லி ஊற்றுகிறாள். நாலரைக்கு சைக்கிள்கள் வந்து எடுத்துக்கொண்டு போகும். அவளை எங்கோ ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் அந்த சைக்கிள்கள் அங்கே வருமா? வாடகை வீடு பார்க்கிறேன், என்னோடு வந்துவிடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "நான் வந்துட்டா அந்தப் பையன்க எங்க போவானுக?" என்கிறாள்.

மின்சார பில் 1998-ல் உள்ளது ஒன்று இருந்தது. குடிசைக்காரர்களுக்கு அரசு கொடுத்த போட்டோபாஸ், ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ். எல்லாம் அந்த மஞ்சப்பைக்குள்ளேதான். பத்திரமா இருக்கு என்றாள்.

பத்திரமாக என்றால் எங்கே?

டிசம்பர் 5, வியாழன்

கூட்டிப்போக வந்தவன் நம்ம பையன். மூன்றாவது கல்லி. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. இருபது வயதுகூட இருக்காது. அந்தப் பக்குவம் எனக்கு யாரிடமும் கிடைத்ததில்லை.

எங்கள் கல்லிக்குள் நுழையும்போது மணி பதினொன்று. அம்மா வாசலில் உட்கார்ந்து இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். மாவு ஒட்டிக் காய்ந்த துணியை முதலில் விரல் நகத்தால் வழிப்பாள், அப்புறம் வெந்நீரில் போடுவாள், பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே உதறு. நாற்பது வருஷமாக அதே உதறு. உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு பேரா? முதல்லயே சொல்லக் கூடாதா, மாவு கொஞ்சம் வச்சிருப்பேன்லா?"

எங்க அம்மா என்றேன். தமிழில்தான் சொன்னேன். அப்புறம் இந்தியில் சொன்னேன். இங்கேதான் பிறந்தேன், சயான் இல்லை, இங்கேதான்.

ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம், மேலே மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது. நாக்பூர் அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மற்றவர்களுக்கு அம்மா கீழேயே சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சென்னையிலிருந்து வந்த பெண் ஒரு இட்லிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாள். அம்மா சொன்னாள். பிறகு அவளும் கேட்டாள், "நீங்க ஒரு மணி நேரம் ஒக்காந்து கேக்கதுக்கு எவ்வளவு வாங்குவீய?" அந்தப் பெண்ணும் மறைக்காமல் ஆயிரத்து ஐந்நூறு என்றாள். அம்மா துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். இட்லியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "கேக்கதும் கஷ்டந்தான்" என்றாள்.

நம்பரைப் பார்த்தேன். சிவப்பு பெயிண்ட், கடைசி எண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருக்கிறது. அதற்கு மேலே அம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இன்றைக்குப் பேசவில்லை, நாளைக்கும் கேட்காதீர்கள் என்றேன். கேட்கவில்லை. விளக்கு அணைத்த பிறகு நாக்பூர் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா மேலே வைத்து அவரிடம் என்னவோ சொல்லியிருக்கிறாள். என்ன என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ளே" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

சைத்யபூமி, அம்பேத்கர் நினைவிடம். இன்று அவர் நினைவு நாள். விடியற்காலையிலேயே தாதர் ஸ்டேஷனிலிருந்து சிவாஜி பார்க் வரை நீலமும் வெள்ளையுமாக ஜனங்கள். நாக்பூரிலிருந்தும் மராட்வாடாவிலிருந்தும் ராத்திரி ரயிலில் வந்தவர்கள் பைகளைத் தலைக்கு வைத்து ரோட்டோரத்தில் படுத்திருந்தார்கள். புத்தகக் கடை வரிசை முடியவே இல்லை. கையில் வளையல்கூட இல்லாத ஒரு கிழவி மூன்று புத்தகம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தெரியாதவர்கள் எல்லாம் ஜெய் பீம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இத்தனை வருஷமும் அம்மா இங்கே வந்ததில்லை. டிசம்பர் ஆறு அன்றைக்கு இட்லிக்கு ஆர்டர் அதிகம்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருப்போம். பாம் பாம் என்று ஹாரன். சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரம். பையன் என்னைப் பார்த்து, "அக்கா, நம்ம வீட்டு இட்லிதான்" என்றான். பன்னிரண்டு பேருக்கும் வாங்கினேன். இலையில் இரண்டு, மேலே தேங்காய்ச் சட்னி. இட்லியின் அடியில் துணியின் நெசவு பதிந்திருந்தது. வரிசை நகர நகர நின்றபடியே சாப்பிட்டோம். பெங்களூர்க்காரர் இன்னும் இரண்டு கேட்டார்.

செவ்வாய் நம்பரிலிருந்து ஒன்றும் இல்லை.

டிசம்பர் 7, சனி

படகுக்குக் காத்திருக்கிறோம். அம்மா போன். திங்கட்கிழமை பேப்பர் பார்க்க வருகிறார்களாம். மஞ்சப்பையைக் காணோம். அரிசி டிரம்முக்கு அடியில் பார்த்தாளாம், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தாளாம். பேசும்போது பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது.

மணி மூன்று. இந்த நேரத்தில் தண்ணீர் வராது. டிரம்மிலிருந்து மோந்து ஊற்றுகிறாள்.

படகு வந்துவிட்டது.