வீட்டிலிருந்து தொடங்க வேண்டிய நாவல்

ஜேன் ஒஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் படிப்பிக்கிற நாங்கள் பெரும்பாலும் காதலிலிருந்துதான் தொடங்குகிறோம். நாயகி எலிசபெத் யார், நாயகன் டார்சி யார், செருக்கு எவருக்கு, தப்பெண்ணம் எவருக்கு என்று இரண்டு பக்க நோட்ஸ். கொப்பியில் எழுத வசதியான தொடக்கம்தான். ஆனால் காதலையும் ஊர்வாயையும் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கதை நடக்கும் மெரிட்டன் ஊர்ப்பக்கம் ஒரு பணக்கார இளைஞன் வந்து குடியேறினால் நாலு வீட்டுத் தாய்மார் என்ன செய்வார்கள் என்பது களுவாஞ்சிக்குடியிலோ சாய்ந்தமருதிலோ வளர்ந்த பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் போவது வீடு.

எலிசபெத்தின் வீடான லோங்போர்னில் பென்னட் தம்பதிக்கு ஐந்து பெண்பிள்ளைகள். "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தப் பழமொழிக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. இந்தக் கரையில் மகளுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. மூத்தவ கலியாணம் முடித்தால் இருக்கிற வீடு அவவுக்கு, தாய் தகப்பன் அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு நகர்வார்கள், பிறகு அடுத்தவவுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில்தான் போகிறது. சொத்தைத் தாய்வழியில் கொண்டுபோன பழைய முக்குவர் சட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் வந்த பொதுச் சட்டம் மூடிவிட்டாலும், 'வீடு பெண்ணுக்கு' என்ற வழக்கம் நொத்தாரிசு எழுதும் சீதன உறுதிக்குள்ளால் இன்றும் நடக்கிறது.

ஆகவே தகப்பன் செத்தால் ஐந்து பெண்களும் தாயும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், தூரத்து உறவான ஒரு ஆண் வந்து குடியேறுவார் என்று 7ஆம் அத்தியாயத்தில் படித்ததும் கேள்வி வரும்: "மறுகா ஏன் மிஸ் அந்த ஊட்ட மூத்த புள்ளைக்கி எழுதிக் குடுக்கல்ல?" இதற்கு "அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பெண்களுக்கு உரிமை இல்லை" என்று ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்தால் அங்கேயே பிழையாகிவிடும். ஏனென்றால் 29ஆம் அத்தியாயத்தில் ரோசிங்ஸ் மாளிகைச் சீமாட்டி லேடி கத்தரின், பெண்வழியை விலக்கிச் சொத்தைக் கட்டிவைக்க வேண்டிய அவசியம் தன் கணவரின் குடும்பத்தில் இருக்கவில்லை என்கிறா. ரோசிங்ஸ் முழுவதும் மகள் ஆனுக்குத்தான் போகப்போகிறது. உரிமை எல்லாப் பெண்களுக்கும் இல்லாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் முன்னோரும் எழுதிவைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. கதையில் எல்லாருக்கும் பிடிக்காத அந்த மனுசி இந்த ஒரு விசயத்தில் மட்டக்களப்புக்காரியாகக் கதைக்கிறா என்று நாங்கள் சொன்னால் வகுப்பு சிரிக்கும், ஆனால் மறக்காது.

பென்னட்டின் நிலையை விளக்க எங்களிடமே ஒரு கருவி இருக்கிறது: சீவிய உரித்து. மகளுக்கு வீட்டை எழுதும்போது பெற்றோர் சாகும்வரை இருக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. பென்னட்டுக்கு லோங்போர்னில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். வருமானத்தை அனுபவிக்கலாம், விற்க முடியாது, மகளுக்கு எழுதவும் முடியாது. மகன் ஒருவன் பிறந்து வயதுக்கு வந்திருந்தால் தகப்பனும் மகனும் சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டை முறித்திருக்கலாம். மகன் பிறப்பான் என்று நம்பித்தான் அவர் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. இவ்வளவையும் கரும்பலகையில் ஒரு மரவரிபடமாகப் போட ஒரு பாடவேளை போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தத் தூரத்து உறவான கொலின்ஸ் கள்ளன் இல்லை. பிள்ளைகள் அவரைக் காணி பிடிக்க வந்தவராகப் பார்த்துவிடுவார்கள். அவரை வாரிசாக்கியது ஏற்பாடு. ஐந்து பேரில் ஒருத்தியைக் கட்டினால் நட்டம் கொஞ்சம் ஈடாகும் என்று அவர் தன் மனதில் நியாயமாகவே நினைத்து வருகிறார். அது நியாயமாக இருப்பதால்தான் 19ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் மறுப்பது பெரிய காரியமாகிறது. அவர் வெறும் கோமாளி என்றால் மறுப்பதில் என்ன இருக்கிறது?

அடுத்தது பணம். பவுணை இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கோடிக்கணக்கில் ஒரு தொகை வரும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், பிறகு ஒன்றும் நிற்காது. விகிதம்தான் நிற்கும். டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண். அவரின் நண்பன் பிங்லிக்கு 4,000 அல்லது 5,000. தகப்பன் விட்டுப்போன ஏறக்குறைய ஒரு இலட்சத்திலிருந்து வருவது, ஆகவே வட்டி நூற்றுக்கு நாலு ஐந்துதான் என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பென்னட்டுக்கு 2,000. அவர் செத்தபின் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது கலியாண ஒப்பந்தத்தில் ஒதுக்கிய 5,000 முதல். நாலு வீதத்தில் ஆண்டுக்கு 200. தாயும் போனபின் எலிசபெத்தின் பங்கு 1,000 முதல், ஆண்டுக்கு 40. இந்தக் கடைசித் தொகையைக் கொலின்ஸ் கலியாணம் கேட்கிற அதே வாயால் நாலு வீதம் என்றும் சேர்த்துச் சொல்கிறார், தாய் செத்த பிறகுதான் கிடைக்கும் என்பதையும் விடாமல். 10,000, 2,000, 200, 40 என்று நாலு எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு முதலாம் அத்தியாயத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். திருமதி பென்னட்டின் நரம்புத் தளர்ச்சி அப்போது வேறுவிதமாகக் கேட்கும். அவவை முட்டாள் என்று எழுதும் மாதிரி விடைகள் பாதிதான் சரி. வீட்டில் கணக்குப் பார்க்கிற ஒரே ஆள் அவ; பார்க்கிற விதம்தான் கோணல்.

எலிசபெத்தின் சிநேகிதி சார்லட்டை இந்தக் கணக்குக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். 27 வயது, அழகில்லை, கையில் ஒன்றுமில்லை, தம்பிமாருக்குப் பாரமாகும் பயம். அவ கொலின்ஸுக்கு ஓம் என்றது சரியா பிழையா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விட்டால், கணக்கு தெரியாத வகுப்பு அன்பில்லாத கலியாணம் கூடாது என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். கணக்குத் தெரிந்த வகுப்பில் மணியடித்தாலும் முடியாது.

உறவுமுறை வரைபடம் கட்டாயம் போட வேண்டிய இன்னொன்று. லேடி கத்தரினும் டார்சியின் தாயும் கூடப்பிறந்த அக்கா தங்கை. தொட்டிலில் கிடக்கும்போதே ஆனுக்கும் டார்சிக்கும் கலியாணம் பேசியதாக அவ 56ஆம் அத்தியாயத்தில் உரிமை கொண்டாடுகிறா. இங்கே அக்கா தங்கை பிள்ளைகள் ஒரே குடி, அண்ணன் தங்கை முறை. மாமன் மகள், மாமி மகள் என்றால் மச்சாள், பேசலாம். பெரியம்மா மகளை எப்படிப் பேசுவது? வரைபடம் இல்லாமல் போனால் பாதிப் பேர் இதைச் சொந்தத்துக்குள் நடக்கும் வழக்கமான பேச்சு என்று கடந்துவிடுவார்கள். மற்றப் பாதி அருவருத்து, லேடி கத்தரினின் கோரிக்கையே முறைகெட்டது என்று விடை எழுதுவார்கள். இரண்டும் பிழை. நாவலின் உலகில் அந்தக் கலியாணத்துக்கு முறைத்தடை எதுவும் இல்லை. அவவின் வாதம் நிலமும் அந்தஸ்தும் வெளியே போகக்கூடாது என்பது. நம் முறையைச் சொல்லிவிட்டு, அதை ஒரு பக்கம் வைக்கவும் பழக்க வேண்டும்.

ஆனால் ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் விருந்துகளுக்குப் போகிறார்களா, மூத்தவர்கள் முடிக்காமல் இளையவர்களா என்று லேடி கத்தரின் வியக்கும் இடத்தில் வகுப்பு முழுக்க அவ பக்கம் சாயும். சாயட்டும், எலிசபெத்தின் பதிலை ஒருவர் உரத்து வாசித்தால் போதும்.

மொழிநடையில் எல்லாரும் சறுக்குவது முதல் வசனத்தில். சொத்துள்ள தனியாளுக்கு மனைவி தேவை என்பது உலகமறிந்த உண்மை என்று தொடங்குவதை ஆசிரியரின் கருத்தாகவே எழுதிவிடுவார்கள். உலகம் என்று அங்கே சொல்லப்படுவது பெண்பிள்ளைகள் உள்ள நாலைந்து வீடுகள்தான். அடுத்த வசனமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு நோட்ஸ் உதவாது. முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி உரையாடல் என்பதால் இரண்டு பேரை எழுப்பிப் புருசன் பெண்சாதியாக வாசிக்க வைத்து, மற்றவர்களிடம் ஓரத்தில் பென்சிலால் 'யார் குரல்' என்று குறிக்கச் சொல்லலாம். இந்தக் குறிப்பை இறுதிவரை தொடர வேண்டும். எலிசபெத்தின் நினைப்பும் கதைசொல்லியின் கூற்றும் ஒரே வசனத்தில் கலந்துவரும் இடங்களில்தான் படை அதிகாரி விக்கம் நல்லவனாகத் தெரிகிறான்.

விக்கமைப் பிடிக்க நல்ல வழி பின்னால் போவது. டார்சி எலிசபெத்துக்கு எழுதும் 35ஆம் அத்தியாயக் கடிதத்தை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: பிங்லியையும் மூத்தவ ஜேனையும் பிரித்த விவகாரம் ஒன்று, விக்கம் விவகாரம் ஒன்று. இரண்டாம் பகுதியை வாசித்தவுடன் 16ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பி, டார்சி தனக்கு அநியாயம் செய்ததாக விக்கம் சொன்னவற்றில் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்களைக் கோடிடச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம் முதல் பேச்சிலேயே முழுக்கதையும் சொல்கிறான். டார்சியின் தகப்பனின் நினைவுக்காக மகனை அம்பலப்படுத்த மாட்டேன் என்கிறான். டார்சி ஊரைவிட்டுப் போனதும் ஊர் முழுக்க அதே கதைதான். தான் ஒதுங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு பிங்லியின் நெதர்ஃபீல்ட் வீட்டு விருந்துக்கே வரவில்லை. 36ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் செய்வதும் இதே வேலைதான். அதற்கு முன்னால் பிள்ளைகள் தாங்களே செய்துவிட்டால் அவவின் வெட்கம் அவர்களுக்கும் சொந்தமாகும்.

கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போகும் பகுதியை விளக்கப்போக வேண்டாம். ஒருத்தி போனால் மற்ற நாலு பேருக்கும் பேச்சு நின்றுவிடும் என்பது இங்கே பாடப்புத்தகத்துக்கு வெளியே படித்த பாடம். மகள் செத்திருந்தாலும் இதைவிடப் பாக்கியம் என்று கொலின்ஸ் எழுதும் கடிதத்தை வாசிக்கும்போது சில வகுப்புகள் சிரிக்காமல் அமைதியாகிவிடும். கவனிக்க வேண்டியது வேறு: விடைத்தாள்களில் தண்டனை முழுவதும் லிடியாவுக்கே விழும். விக்கம் குறிவைத்த பெண்களின் வரிசையை, அவர்கள் கைச்சொத்தோடு பலகையில் எழுதுங்கள். டார்சியின் தங்கை ஜோர்ஜியானா, 15 வயது, 30,000. மிஸ் கிங், 10,000. கடைசியில் லிடியா, 16 வயது, கையில் ஒன்றுமில்லை. அவனுக்கோ ஆயிரத்துக்கு மேல் கடன். இந்த வரிசையில் லிடியா மட்டும் பொருந்தவில்லை, ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் கடனையும் தப்பியோட்டத்தையும் தாங்களே கண்டுபிடிப்பார்கள். டார்சி அந்தக் கடனை அடைத்து, அவளின் பங்குக்கு மேலும் ஆயிரம் எழுதி, படையில் பதவியும் வாங்கிக் கொடுத்ததை நம்மூர் பிள்ளைகள் சீதனம் என்று சொன்னால் திருத்த வேண்டாம்.

பாட நேரம் ஒருபோதும் போதாது. மூன்று பாகங்களாக 23, 19, 19 என்று 61 அத்தியாயங்கள். தவணைக்கு ஒரு பாகம் என்று பிரித்தாலும் விளையாட்டுப் போட்டி, விடுமுறை, மாரிகாலத்து வெள்ளம் எல்லாம் நடுவில் வரும். சுருக்க வேண்டியிருந்தால் 37, 38ஐ வாயால் சொல்லிவிட்டுப் போகலாம், கொலின்ஸின் ஊரான ஹன்ஸ்ஃபோர்டிலிருந்து புறப்படுவதுதான். 41ஐ விட முடியாது, பிரைட்டனுக்கு லிடியாவை அனுப்ப வேண்டாம் என்று எலிசபெத் தகப்பனிடம் மன்றாடுவது அதில். வழக்கமாக வெட்டுப்படுவது 50. லிடியாவின் விவகாரம் தீர்ந்தபின் வரும் சலிப்பான கணக்கு என்று தாண்டிவிடுகிறார்கள். மகன் பிறந்து சொத்தின் கட்டுப்பாட்டை முறிப்பான் என்று பென்னட் காத்திருந்த கதையும், வருமானம் முழுவதையும் செலவழித்துவிட்டோமே என்று அவர் நொந்துகொள்வதும் அந்த அத்தியாயத்தின் முதல் இரண்டு மூன்று பத்திகளில்தான் இருக்கிறது. வகுப்பில் நேரமில்லையென்றால் அந்தப் பத்திகளை மட்டுமாவது போட்டோக்கொப்பி அடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.