முதலில் வற்றுவது ஓ.டி.

ஒரு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்றால், அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு முன்னரே அவருடைய சம்பளத்தைக் கணக்கிடுகிறவனுக்கு மணம் பிடித்துவிடும். அவன் உலகின் மறுபக்கத்தில், கொழும்புக் கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில், ராத்திரி ஏ.சி. குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருந்தாலும்கூட.

நான் பார்த்தது அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள ஒரு துப்பாக்கி ரவைத் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல். வேட்டைக்காரரும் சுடுதளத்துக்குப் போகிறவர்களும் பெட்டி பெட்டியாக வாங்குகிற சிறிய ரவைகள் செய்யும் இடம். எங்கள் கம்பனி எடுத்துச் செய்த பல கணக்குகளில் இதுவும் ஒன்று. வீட்டில் சொன்னபோது அம்மா சோறு போட்டபடியே, "உலகத்தில வேற சாமானே செய்யேல்லையாமோ?" என்றா. வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய வீட்டில் அதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. நானும் சொல்லவில்லை.

முதலில் வற்றியது ஓ.டி. நிரல், அதாவது மேலதிக நேர வேலைக்கான காசு. அங்கே வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். நான் சேர்ந்த காலத்தில் அந்த நிரல் நிறைய எண்கள். அடிப்படைச் சம்பளத்தைவிட ஓ.டி. கூட எடுத்த ஆட்களும் இருந்தார்கள். பிறகு சனிக்கிழமை வேலை நின்றது. இரவு ஷிஃப்டில் பாதிப்பேர் பகலுக்கு மாறினார்கள். ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆட்களின் பில் மெலிந்து, ஒரு மாதம் வரவேயில்லை. யாரும் எங்களுக்கு எதையும் அறிவிக்கவில்லை. அறிவிப்பு எப்போதும் கடைசியாகத்தான் வரும்.

இத்தனைக்கும் செய்தியைத் திறந்தால் உக்ரைன், காசா, வெடிமருந்துத் தட்டுப்பாடு. எங்கள் ரீமில் மூத்தவரான கொட்டாஞ்சேனை அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "சண்டை நடக்கேக்க ரவை செய்யிறவனுக்கு என்னடா குறை? உனக்குக் கணக்குப் பிழைச்சிருக்கும், திருப்பிப் பார்" என்றார். திருப்பிப் பார்த்தேன். பிழைக்கவில்லை.

அண்ணை சொன்னதில் பிழை இல்லைத்தான், ஆனால் அவர் சொன்ன ரவை வேறு. போர்முனை கேட்டது 155 மில்லிமீற்றர் பீரங்கி எறிகணை. உக்ரைன் போருக்கு முன் அமெரிக்கா அதை மாதத்துக்கு 14,000 அளவில்தான் செய்தது. அதைப் பல மடங்காக்க அரசு பணத்தைக் கொட்டியது. அதன் உருக்கு உடல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் காய்ச்சி அடிக்கப்படுகிறது, வெடிமருந்து அயோவாவில் நிரப்பப்படுகிறது. எங்கள் தொழிற்சாலையோ செம்பு 70 பங்கும் நாகம் 30 பங்கும் கலந்த பித்தளையை விரல் அளவுக் கோதாக இழுக்கிற இடம். இந்த மெஷினில் அந்தச் சாமான் வராது. அதைவிட மோசம், இரண்டுக்கும் உந்துதூள் செய்யத் தேவைப்படுகிற நைட்ரோசெலுலோஸ் ஒன்றுதான். பீரங்கிக்காரர் அதை அள்ளிக்கொண்டு போக, சிறிய ரவைக்குரிய தூள் விலை ஏறியது. அங்கே இருந்த கிராக்கி எங்கள் ஆட்களுக்கு வேலை தரவில்லை, செலவைத்தான் தந்தது.

வாங்குகிறவனின் கதை தனி. 2020 இல் கொவிட்டும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வர, அமெரிக்கர் துப்பாக்கிக் கடைகளைக் காலியாக்கினார்கள். எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை முறைமைக்கு அந்த ஒரே வருடத்தில் 39.6 மில்லியனுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். 2022 இல் நாங்கள் காஸ் சிலிண்டருக்கு நின்ற மாதிரித்தான் அவர்கள் ரவைக்கு நின்றார்கள். ஆனால் காஸ் எரிந்து தீரும். ஈரம் படாமல் வைத்தால் ரவை பல பத்தாண்டுகள் கெடாது. அலுமாரி நிறைந்தவன் திரும்ப ஏன் கடைக்கு வருவான்? கடைக்காரனிடம் தேங்கியது, பிறகு மொத்த வியாபாரியிடம், கடைசியில் எங்கள் ஓ.டி. நிரலில் வந்து நின்றது.

கிராக்கி உச்சத்தில் இருக்கும்போதே விழுந்தவர்களும் உண்டு. 1816 இல் தொடங்கிய ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பனி, அந்த 2020 ஜூலையில்தான், இரண்டு வருடத்தில் இரண்டாவது தடவையாக வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. பழைய கடன்சுமையை அந்த வருட விற்பனையால் தூக்க முடியவில்லை. ஆர்கன்சாவின் லோனோக்கில் இருந்த அதன் ரவைத் தொழிற்சாலையை விஸ்டா அவுட்டோர் என்ற கம்பனி 81.4 மில்லியன் டொலருக்கு வாங்கி மீண்டும் ஓடவைத்தது. கணக்குப் படித்த எனக்கே இதை நம்ப நேரம் எடுத்தது.

நிறுத்தப்படுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒரு வியாழக்கிழமை வந்தது. அமெரிக்காவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் பெருந்தொகையானோரை நிறுத்துவதானால் 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இலங்கையில் எங்களிடம் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். முதலாளிமார் இதைத் திட்டாத மேடை இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு நான் அவர்களோடு சேர்ந்து திட்டுவதை விட்டுவிட்டேன்.

கடைசிச் சம்பளம் கணக்கிடுவது பெரிய வேலை இல்லை. கஷ்டம் மின்னஞ்சல்களில் இருந்தது. நான் எதிர்பார்த்தது பணத்தைப் பற்றிய கேள்விகளை. வந்தவை பெரும்பாலும் காப்புறுதி பற்றியவை. மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம், எந்தத் திகதிவரை செல்லும்? மகனுடைய இன்சுலினுக்கு என்ன செய்வது? அங்கே வேலை போனால் வைத்தியக் காப்புறுதியும் கூடவே போகும். 18 மாதம்வரை தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து முழுக்கட்டணத்தையும், அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு வீதம் நிர்வாகச் செலவையும் தாங்களே கட்டவேண்டும். சம்பளம் நின்ற ஆளிடம் இதை எழுதுவதற்கு எங்களிடம் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றவேண்டும். எங்கள் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி வரிசையைப் பற்றி நான் சொல்லாத குறை இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில், உனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டு யாரும் துண்டு எழுதுவதில்லை.

எங்களுக்கும் அடி விழுந்தது. எங்கள் கம்பனி பில் போடுவது சம்பளத் துண்டுக்கு இவ்வளவு என்று. துண்டு குறைய ரீமும் குறைந்தது. என்னை வேறு கணக்குக்கு மாற்றினார்கள். அண்ணை கொஞ்சம் முன்னதாகவே ஓய்வுக்குப் போய்விட்டார்.

அண்மையில் சித்தியின் மகன் இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். "ஓடர் நிறைய இருக்காம் அண்ணா, ஆள் காணாதாம்." அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற அவனுடைய சிநேகிதனிடம், கடைசி மூன்று மாதம் ஓ.டி. கிடைத்ததா என்று கேட்கச் சொன்னேன். சித்திரைக்குப் பிறகு ஓ.டி. இல்லையாம். அதையும் அவனே சொல்லிவிட்டு, அடுத்த திங்கள் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டு வாசலிலிருந்து நேரே பஸ் இருக்கிறதாம்.