விமானியின் பணிமூப்பு எண்

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானி எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரைத் தளமாகக் கொள்வார், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பாரா என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது அவருடைய பணிமூப்பு எண்தான். வேலையில் சேரும்போது கிடைக்கும் அந்த எண், மூத்தவர்கள் 65 வயதில் ஓய்வு பெறப் பெற மெல்ல முன்னேறுகிறது.

மாதந்தோறும் விமானிகள் தங்கள் விருப்பங்களைக் கணினியில் பதிவு செய்கிறார்கள். மூத்தவர் எடுத்ததுபோக எஞ்சியதே அடுத்தவருக்கு. அடியில் இருப்பவருக்கு வாய்ப்பது, அழைப்பு வந்ததும் கிளம்ப வேண்டிய 'ரிசர்வ்' பணி. ஆனால் இந்தப் போட்டி விமானம், தளம், பதவி ஆகிய மூன்றும் ஒத்தவர்களுக்கிடையே மட்டுமே நடப்பதால், போயிங் 737இல் மூத்த துணை விமானியாக வார இறுதிகளை வீட்டில் கழிப்பவர், கேப்டனானால் சம்பளம் கூடினாலும், மீண்டும் ரிசர்வ் பணிக்கே திரும்ப நேரலாம். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் பதவி உயர்வைத் தள்ளிப்போடுவது எனக்கு முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

சலுகைக்கும் சிபாரிசுக்கும் இடம் தராத இம்முறையை நான் மதிக்கிறேன். எனினும், நிறுவனம் மாறினால் எத்தனை ஆண்டு அனுபவமும் கணக்கில் வராமல் அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருப்பது கொடுமை. நிறுவனங்கள் இணையும்போது சிக்கல் இன்னும் பெரிது: யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தபின், இரு பணிமூப்புப் பட்டியல்களையும் ஒன்றாக்க 2007இல் வந்த நடுவர் தீர்ப்பைக் கிழக்குப் பிரிவு (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) விமானிகள் ஏற்க மறுத்ததால், இரு தரப்பும் பல ஆண்டுகள் தனித்தனிப் பட்டியல்களின்படியே பறந்தன.