துளை விழுங்கிய ஆண்டு

ஜூன் 1, சனி. கோபே

வாள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டரை வருடம் சேர்த்த காசு. நீளம் 61.8 செ.மீ. இரண்டு ஷக்கு, அதாவது 60.6 செ.மீ. இருந்தால்தான் இங்கே கத்தானா என்பார்கள்; குறைந்தால் வகிஸாஷி. என்னுடையது ஒரு விரற்கடை தாண்டியிருக்கிறது.

கூடவே 1951-இல் கொடுத்த பதிவுச் சீட்டு. ஜப்பானில் ஆளுக்கு லைசென்ஸ் இல்லை, வாளுக்குத்தான் பதிவு. அதைக் கொடுப்பதும் போலீஸ் இல்லை, மாகாணக் கல்வி வாரியம். நீளம், வளைவு, ஆணித்துளை எத்தனை, என்ன பொறித்திருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. கைமாறினால் 20 நாளுக்குள் அந்த வாரியத்துக்கு எழுதிப் போட வேண்டும்.

சீட்டின்படி முன்பக்கம்: பிஷூ ஒசாஃபுனே சுகெசாதா. பின்பக்கம்: தென்ஷோ (ஆண்டுகளை எண்ணும் சகாப்தத்தின் பெயர்), பத்து, பிறகு ஒரு வெற்றுக் கட்டம், எட்டாம் மாதம். அந்தக் கட்டத்துக்காகவே இந்த வாளை வாங்கினேன் என்றால் மிகையில்லை.

ஜூன் 2, ஞாயிறு

பிடியைக் கழற்றினேன். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, வாளைச் சற்றே சாய்த்து இடது கையில் பிடித்து, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் ஒரு குத்து. இரண்டாவது குத்தில் பிடி தளர்ந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிடிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக்கு நகாகோ என்று பெயர். கொல்லன் பெயர் பொறிப்பது அங்கேதான். கருப்பட்டி நிறத்தில் துரு, அதற்கடியில் அரம் போட்ட கோடுகள். இந்தத் துருவை ஒருநாளும் தேய்க்கக் கூடாது. வாளின் வயதுக்கு அதுவே சாட்சி. பளபளவென்று சுத்தம் செய்யப்பட்ட நகாகோ ஒன்றைக் கடையில் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது.

முன்பக்கத்து ஆறு எழுத்துகளும் தெளிவு. பிஷூ என்றால் பிஸென் நாடு, இன்றைய ஒகாயாமாவின் கிழக்குப் பகுதி. சுகெசாதா என்ற பெயரில் பதினாறாம் நூற்றாண்டில் ஒசாஃபுனேயில் டஜன் கணக்கில் கொல்லர்கள் இருந்தார்கள். யாராவது சொல்லிச் செய்த நல்ல வாள் என்றால் ‘பிஸென் நாட்டில் வசிக்கும் ஒசாஃபுனே’ என்று விரிவாகத் தொடங்கி, கொல்லனின் அழைப்புப் பெயரும் சேரும். ‘பிஷூ’ என்று சுருக்கினால் பெரும்பாலும் போர்க்காலத் தேவைக்கு மொத்தமாக அடித்தது. என்னுடையது இந்த இரண்டாம் ரகம். ஏதோ ஒரு காலாள் இடுப்பில் செருகிப் போயிருப்பான். எனக்கு அது போதும்.

பின்பக்கம்தான் சிக்கல். பிடியை மாற்றிய எவரோ ஒருவர் இன்னொரு ஆணித்துளை போட்டிருக்கிறார். அது சரியாக ஆண்டின் கடைசி எண்ணைத் தின்றுவிட்டது.

ஜூன் 3, திங்கள்

நல்ல மழை. ஈரக்காற்றில் வாளை வெளியே எடுக்க மனமில்லை. எண்ணெய் மட்டும் புதிதாகப் பூசி உறையில் போட்டேன். சோஜி எண்ணெய், சோஜி என்றால் கிராம்பு. வீடெல்லாம் பிரியாணி தாளித்த வாசனை.

ஜூன் 8, சனி

படி எடுத்தேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதன் தம்பி முறை இது. மெல்லிய தாளை நகாகோவின் மேல் அசையாமல் பொருத்தி, மைக்கட்டியால் மெதுவாகத் தேய்த்தால், வெட்டின இடம் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். ஒஷிகதா என்பார்கள்.

ஏழு தாள் வீணாயிற்று. எட்டாவதில் எழுத்து எழுந்து வந்தது.

சீட்டில் ‘தென்ஷோ’ என்று இருக்கிறதல்லவா, அதன் முதல் எழுத்து ‘வானம்’. மேலே இரண்டு கிடைக்கோடு, கீழே கால் அகட்டி நிற்கும் ஆள் மாதிரி. என் தாளில் உச்சியில் கிடைக்கோடு இல்லை, ஒரு புள்ளி. உளியின் ஒரே ஒரு கொத்து, சாய்வாக. அதன் கீழே நடுத்தண்டு, அடியில் இடப்பக்கம் ஒரு கொக்கி. இது ‘வானம்’ ஆகவே முடியாது. இது ‘எய்’, நித்தியம் என்று பொருள். தூரிகை எழுத்துக்கு வேண்டிய எட்டு வகைக் கோடுகளும் இந்த ஒரே எழுத்தில் இருப்பதால், எழுதப் பழகுகிறவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் எழுத்து ‘ஷோ’ இரண்டு பெயருக்கும் பொது. ஆக தென்ஷோ இல்லை, எய்ஷோ. தென்ஷோ தொடங்கியதே 1573-இல். எய்ஷோ 1504 முதல் 1521 வரை. என் வாளுக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது கூடிவிட்டது!

ஜூன் 9, ஞாயிறு

இரவெல்லாம் சந்தேகம். ஆசைப்பட்டதைத்தான் படித்தேனோ? தாளைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். புள்ளி அங்கேயேதான் இருக்கிறது.

இதில் ஒரு கொத்து என்பது சின்ன விஷயமில்லை. சுகெசாதாவின் ‘சாதா’ எழுத்தேதான் செகி ஊர்க் கொல்லர் கனெசாதாவின் பெயரிலும் வரும். இரண்டாம் கனெசாதா அந்த எழுத்தின் கீழ்ப்பாதியை ‘நோ’ என்ற எழுத்துப்போல வெட்டினார். இன்றும் அவரை ‘நோசாதா’ என்றே அழைக்கிறார்கள்.

ஜூன் 15, சனி

வாள் பார்க்கும் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே நகாகோவைத் துணியால் மூடித்தான் வாளை நீட்டுவார்கள். வாளை மட்டும் பார்த்து எந்த ஊர், எந்தக் காலம், யார் என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். என் தாளை நீட்டினேன். எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் வாங்கவே இல்லை.

“பெயர் பொய் சொல்லும். முதலில் வாளைக் காட்டுங்கள்.”

விளக்கை நோக்கி நீட்டி, வெட்டுவாய் ஓரத்து வெள்ளை அலையை நெடுநேரம் பார்த்தார். அலையின் முகடுகள் சில இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தன. நண்டுக் கொடுக்கு என்றார். எய்ஷோ காலத்து ஒசாஃபுனேயில் இது பேர்போனதாம். நீளம் குறைவு, நகாகோவும் கட்டை; ஒரு கையால் உருவி வெட்ட அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் என் தாளைக் கேட்டு வாங்கினார். புள்ளியின் மேல் விரல் வைத்து, “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’முக்காக எட்டு மணி நேரம் தேய்க்கலாம்.

ஜூன் 17, திங்கள்

வாரியத்துக்குக் கைமாறிய அறிவிப்பை அனுப்பினேன். சீட்டில் உள்ளபடி ‘தென்ஷோ’ என்றே எழுதினேன். நானாகத் திருத்தக் கூடாது. தொலைபேசியில் கேட்டதற்கு, பரிசீலனை நாளன்று வாளோடு நேரில் வரச் சொன்னார்கள். ஜூலை 11.

ஜூன் 22, சனி. ஒசாஃபுனே

அக்கோ லைன் ரயிலில் வந்தேன். ஊர் சின்னது. வயல், ஓட்டு வீடுகள், பக்கத்தில் யோஷீ ஆறு. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷின் வைத்திருந்த சான்சோமோ என்ற வாளை இந்த நகராட்சி 50 கோடி யென் திரட்டி 2020-இல் வாங்கியது. இன்று அது காட்சியில் இல்லை. பரவாயில்லை, நான் வந்தது ஆற்றைப் பார்க்க.

1590-ஐ ஒட்டி இந்த ஆறுதான் பெருக்கெடுத்து ஒசாஃபுனேயின் உலைக்களங்களை அடித்துப் போனது. அது தென்ஷோவின் கடைசி ஆண்டுகள். சீட்டு சரியென்றால் என் வாள் அந்த வெள்ளத்துக்குச் சற்று முன் பிறந்தது. என் தாள் சரியென்றால், நூறு உலைகள் சேர்ந்து இரைந்த நாட்களில் பிறந்தது. கரையில் நின்று வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு, வீடு

துளையின் கீழ்விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கிடைக்கோட்டின் வலது நுனி மிஞ்சியிருக்கிறது, அரிசி நுனி அளவு. அடியில் கிடைக்கோடு உள்ள எண்கள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்படியென்றால் எய்ஷோ 12 முதல் 15 வரை. 1515-க்கும் 1518-க்கும் இடையில். எட்டாம் மாதம் என்பதை நம்ப வேண்டாம்: வாள்களில் இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று பொறிப்பது வழக்கம்.

ஜூலை 11-க்கு எட்டாவது தாளையும் உருட்டிக் குழலில் போட்டு வைத்துவிட்டேன்.