படகு பட்டறையில் நிற்கிறது

அக்டோபர் 9, வியாழன்

படகு வந்துவிட்டது. பதினாறடி ஃபைபர், பின்னால் வெளியே மாட்டிய 40 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். டெம்போவிலிருந்து இறக்க ஆறு பேர் தேவைப்பட்டது. விருதம்பட்டுத் தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பால்கார ஆயா, "இன்னாப்பா, பாலாத்துல தண்ணி வரப்போவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனது. பம்புசெட் பார்க்கிறவன் பட்டறையில் படகு நின்றால் வேறென்ன கேட்கும்.

புகார் ஒன்றே ஒன்றுதான். ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கிறது. இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் சக்கரம் அசைகிறது.

ராத்திரி நைனாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?"

பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ரெண்டு பக்கமும்.

அக்டோபர் 11, சனி

நைனா ஏன் அதைக் கேட்டார் என்று இன்று புரிந்தது. ஓடும்போது மட்டும், ஒரு பக்கம் திருப்ப மட்டும் கனமாக இருந்தால் அது வேறு கதை. புரொப்பல்லர் ஒரே திசையில் சுற்றுவதால் இன்ஜின் ஒரு பக்கமாக இழுக்கும். அதைச் சரிக்கட்ட புரொப்பல்லருக்கு மேலே வால் மாதிரி ஒரு சின்னத் துண்டு உண்டு, அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். இது அப்படி இல்லை. தரையில் சும்மா நிற்கும்போதே இரண்டு பக்கமும் இறுக்கம்.

இன்ஜின் திரும்புகிற கழுத்தில் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இரண்டு இருந்தது. கிரீஸ் கன்னை வைத்து அடித்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை, அப்புறம் பழைய கிரீஸ் கறுப்பு மெழுகாகத் துண்டு துண்டாக விழுந்தது. புதுசு வெளியே எட்டிப் பார்க்கும்வரை விடவில்லை. பெரிய சாதனை செய்த மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தைப் பிடித்தால், அதே கல்.

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. கோட்டை அகழி ஓரமாகவே வண்டியை ஓட்டினேன். தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கொத்சு வைத்து அனுப்பியது. நைனா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு, "படகு இன்னா ஆச்சு" என்று பேச்சை மாற்றினார். கிரீஸ் அடித்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது.

"கூட்டா வெச்சிக்கினே பாத்தா ஒண்ணும் தெரியாதுடா. கயட்டிட்டு, எந்தப் பாதி இறுகிக் கீதுன்னு பாரு."

அக்டோபர் 13, திங்கள்

இன்ஜினையும் ஸ்டியரிங் ராடையும் கோத்திருக்கும் லிங்க்கைக் கழற்றினேன். ஒரு நைலாக் நட்டு, ஒரு போல்ட், பத்து நிமிடம். சனிக்கிழமையே செய்திருக்கலாம். கன்னைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது, என்ன செய்ய.

இன்ஜினை ஒரு விரலால் தள்ளினேன். எண்ணெய் விட்ட கதவு மாதிரிப் போய் வந்தது. அந்தப் பக்கம் போய்ச் சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை.

ஆக இன்ஜின் மேல் குற்றமில்லை. மிச்சம் மூன்று பேர்: சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பல்சக்கரப் பெட்டி, கேபிள், கேபிள் முனையின் ராடு போய்வரும் குழாய். இன்ஜினைத் தூக்கி இறக்குவதும் அந்தக் குழாயை அச்சாக வைத்துத்தான். டில்ட் டியூப் என்பார்கள்.

சாயங்காலம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நைனா படுத்தபடியே வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். டிரிப் டியூப் ஆடியது. நர்சம்மா ஓடிவந்து என்னைத்தான் திட்டியது.

அக்டோபர் 14, செவ்வாய்

ரிப்போர்ட் வரவில்லை. இன்னும் ஒரு டெஸ்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களாம்.

படகுக்காரர் போன் செய்தார். இன்னும் ஒரு டெஸ்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 15, புதன்

குழாய்தான். பெரிய நட்டைக் கழற்றிவிட்டேன், கேபிள் பிரிந்து வர வேண்டும், வரவில்லை. ராடு குழாயோடு ஒட்டிப்போய்விட்டது. வாய் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன் (வைக்கக் கூடாதுதான்). உப்பு.

பழவேற்காட்டில் ஓடிய படகாம். போன வருஷம் கைமாறி, இப்போது காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகப்போகிறது. ஏரி நல்ல தண்ணீர்தான், ஆனால் குழாய்க்குள் உப்பங்கழி அப்படியே இருக்கிறது. உள்ளே கிரீஸ் காய்ந்து, காய்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, அலுமினியமும் துருவும் பொரிந்து உப்பி, ராடைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஒரு மழைக்காலம் சக்கரத்தைத் தொடாமல் நிறுத்தி வைத்தாலே போதும், அடுத்த வருஷம் இந்தக் கதிதான்.

துரு ஸ்பிரே அடித்தேன், டீசல் ஊற்றினேன், காத்திருந்தேன். ராடின் முனையில் நேராகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. முனை காளான் மாதிரி விரிந்துவிட்டால் அப்புறம் அது குழாய்க்குள் நுழையவே நுழையாது, வெட்டித்தான் எடுக்கணும். மரக்கட்டை வைத்துத் தட்டினேன். பட்டறைப் பையன் புளோ டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்ரோல் டேங்கும் டியூபும் அங்கேயே இருந்தது. அறைந்திருப்பேன். எல்லாவற்றையும் கழற்றித் தெருமுனையில் வைத்த பிறகுதான் நெருப்பு.

ஒரு நூல் நகர்ந்தது. அல்லது நகர்ந்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

மழை. சுண்டுவிரலில் சூடு.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டது. காலை பதினொன்றேகாலுக்கு. 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் நீளமான ஒரு கிறீச். ராடைச் சுற்றி, களி கிண்டிய பானை அடி மாதிரி பழுப்பாக ஒரு தோல். குழாய்க்குள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டேன். குச்சியில் எமரி பேப்பரைச் சுற்றி விட்டேன். இங்கே கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் வட்டமாகத் தெரியும்வரை தேய்த்தேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இன்று நல்ல நாள். ராடைத் தொங்கவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். லேசாகப் போனது. போய், ஒரு இடத்தில் தட்டி நின்றது. திரும்ப வந்தால் அதே இடத்தில் தட்டுகிறது. கேபிள் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குப் பின்னால் சட்டென்று மடங்குகிற இடத்தில் மேல்தோலில் கீறல். அழுத்தினால் டீ டிகாஷன் மாதிரித் தண்ணீர் கசிந்தது. பெட்டியிலிருந்து கேபிளைப் பிரித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன், சுழன்றது. பெட்டி நல்லாயிருக்கிறது.

ஒன்று என்று நினைத்தது இரண்டு. குழாயைத் தேய்த்துச் சரிசெய்யலாம். கேபிளை முடியாது. உள்கம்பிக்கு எண்ணெய் விட வழியே கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

நைனா தூங்கிவிட்டார். சொல்லவில்லை.

அக்டோபர் 18, சனி

படகுக்காரர் வந்தார். "அதான் திரும்புதே, உட்ரு தலைவா." நடு ஏரியில் அறுந்தால் சக்கரம் உன் கையில் இருக்கும், படகு அது இஷ்டத்துக்குப் போகும் என்றேன். பழைய கேபிளில் நீளம் அச்சடித்த நம்பர் அழிந்துபோயிருந்தது, டேப் வைத்து அளந்தேன். சீட்டுப் பின்னால் வளைவு பெரிசாக வர வேண்டும் என்பதால் ஒரு அடி கூட்டிச் சொன்னேன். மெட்ராஸிலிருந்து வரணும். பணம் பற்றி அரை மணி நேரம் பேசினார், அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

வெளியே இருமல் கேட்டால் நைனா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மூன்றாம் மாடியில் வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது, வெளிச்சம் கிடையாது. புதுச் சட்டையை நைனாவின் போர்வை மேல் விரித்து வைத்தேன். பித்தானைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டா கீதுன்னு சொன்னியே, ரெண்டும் ஒண்ணாலதான் வந்திருக்கும். குழாய் இறுகினப்பவும் அவன் இஸ்து இஸ்து ஓட்டிக் கீறான். கேபிள் இன்னா பண்ணும்?"

அது எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 22, புதன்

ராத்திரி முழுக்க மழை. பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன், பாலாற்றில் செம்மண் நிறத்தில் ஒரு ஓரமாகத் தண்ணீர். 2021 நவம்பரில் இதே கைப்பிடியில் நைனாவும் நானும் நின்றோம். கரையிலிருந்து கரைக்கு ஒரே தண்ணீர். நைனா மட்டும் 1903-ல் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் தாத்தா சொன்னதாம். போதும் நைனா போலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

கேபிள் வந்தது. நீளம் சரி. மாட்டி, லிங்க்கைக் கோத்து, புது நைலாக் நட்டு போட்டு, டியூப் நிப்பிளில் கிரீஸ் அடித்தேன். ஒரு கையால் திரும்புகிறது. பையன் ஒரு விரலால் திருப்பிக் காட்டினான்.

அக்டோபர் 23, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. பத்து மணிக்கு உள்ளே கூப்பிடுகிறார்களாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

காத்திருக்கும்போது நைனா கேட்டார், "கிரீஸ் அடிக்கும்போது ராடு பூரா குழாய்க்குள்ள இருந்துதா?"

இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அடித்துவிட்டேன். கிரீஸ் உள்ளே அடைத்துக்கொண்டு நின்றால் ராடு திரும்ப உள்ளே போகாது. போய்ச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கணும். படகுக்காரர் மத்தியானம் டெம்போவோடு வருகிறார். இப்போது மணி ஒன்பதே முக்கால், அம்மா இன்னும் லிஃப்ட்டுக்கு