குடிக்காமலே சிவப்பு காட்டிய இக்னிஷன் லாக்

"கருவி பொய் சொல்லாது சார்." குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்களின் வண்டியில் மாட்டும் கருவி இந்த லாக்; ஊதிக் காட்டும் மூச்சில் மது இருந்தால் வண்டியைக் கிளம்ப விடாது. அதைப் பொருத்திய சர்வீஸ் சென்டர் கவுண்டரில் கிடைத்த முதல் பதில் இதுதான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கருவி காட்டியது வாயில் தங்கியிருந்த மவுத்வாஷின் ஆல்கஹாலை. ரத்தத்தில் துளி மது கிடையாது.

உள்ளே இருப்பது ஃபியூயல் செல் சென்சார். ஆல்கஹால் வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆல்கஹால் நுரையீரலிலிருந்து வந்ததா, ஈறிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. கண்ணாடி கழுவும் திரவத்தின் மெத்தனால், சானிடைசர் ஆவி, இருமல் மருந்து, எத்தனால் கலந்த சில இன்ஹேலர்கள், ஈஸ்ட் ரொட்டிகூட அதில் ஏறும். பல இடங்களில் வரம்பே ரத்த மது அளவுக் கணக்கில் 0.02 சதவீதம்தான். அதைத் தாண்ட அதிகம் தேவையில்லை.

சிவப்பு வந்தால் பதறி அடுத்தடுத்து ஊதாதீர்கள். தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள், கதவுகளைத் திறந்து காற்றோட விடுங்கள். 15 நிமிடம் வாயில் எதுவும் போடாமல், புகைக்காமல் இருந்துவிட்டு மறுபடி ஊதுங்கள். இதைச் செய்யாமல் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டால், பதிவில் அந்தக் கெட்ட ரீடிங் மட்டும் தனியாக நிற்கும். ரத்தத்தில் ஏறிய மது மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்தான் இறங்கும். 0.040 கால் மணி நேரத்தில் 0.000 ஆனால் அது குடித்த உடம்பின் கணக்கே இல்லை. கவுண்டரில் குரல் தணிந்தது இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான்!

வண்டி ஓடும்போது கருவி மறுபடி ஊதச் சொல்லும் சோதனையில் சிவப்பு வந்தால் இன்ஜின் நிற்காது, ஹாரன்தான் அலறும். ஓரங்கட்டி, இன்ஜினை ஓடவிட்டபடியே மறுபடி ஊதுங்கள். அணைத்தால் சோதனையைத் தவிர்த்ததாகப் பதிவாகலாம். பேட்டரி வயரைக் கழற்றவே கூடாது. அது கருவியைச் சீண்டியதாகப் பதிவாகலாம்.

சென்டர்காரர்கள் உடனே காலிபரேஷன், அதாவது சென்சாரின் அளவைச் சரிசெய்யும் வேலை, செய்யப் பார்ப்பார்கள். விடாதீர்கள். சரிசெய்யும் முன் சென்சார் என்ன காட்டியது என்பதை எழுதி வாங்குங்கள், பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நேரத்துடன் கூடிய முழுப் பதிவு, கருவியின் கேமரா படங்கள் இரண்டையும் கேளுங்கள். முடிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்து, மாதிரி எடுத்த நேரம் அச்சிட்ட ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கக் கடிதத்தை சென்டரை நம்பி விடாமல், உங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு நேரடியாகக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.