செய்மதிப் படத்தில் வெயில் சாய்வைத் திருத்துதல்: யாழ்ப்பாண வலிகாமத் தோட்டங்களில் செய்து பார்த்தது

ஐரோப்பிய நிலநோக்குச் செய்மதியான செண்டினல்-2 யாழ்ப்பாணத்துக்கு மேலால் போவது சூரிய நேரப்படி காலை 10:30 மணியளவில். அந்நேரம் சூரியனின் உச்சிக்கோணம் (நேர்மேலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம்) ஏப்ரலில் ஏறக்குறைய 22 பாகை, டிசம்பரில் 40 பாகை. பயிரில் ஓர் இலைகூட மாறாவிட்டாலும், நேர்மேலிருந்து பார்க்கும்போது சிவப்புத் தெறிப்பு (திரும்பிவரும் சிவப்பு ஒளியின் பங்கு) டிசம்பரில் 7-8 சதவீதமும் அண்மை அகச்சிவப்பு 6-7 சதவீதமும் குறைந்து தெரியும். நிழல் நீளுவதுதான் காரணம். காலபோகத்தையும் சிறுபோகத்தையும் ஒரே வரைபில் போட்டால் இந்த வித்தியாசம் பயிரின் கணக்கில் ஏறிவிடும்.

திருத்த முன்னர், செய்மதி எந்தப் பாதையால் போனது என்று காட்டும் பாதை எண்ணைப் பாருங்கள். கோப்பின் பெயரில் ஆர் எழுத்துக்குப் பின்னால் மூன்று இலக்கமாக அது இருக்கும். ஒரு பாதையின் அகலம் 290 கிலோமீற்றர். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட அடுத்தடுத்த பாதைகள் ஒரு ஒடுங்கிய பட்டையில் மட்டும் மேற்பொருந்தும். உங்கள் காணிக்கு ஒரே எண் வந்தால் பார்வைக்கோணம் (செய்மதி சாய்ந்து பார்க்கும் கோணம்) அநேகமாக மாறாது, சூரியன்தான் மாறும். இரண்டு எண் வந்தால் வரைபு ஏறி இறங்கும். ஏப்ரலில் சூரியன் கிழக்கே நிற்பதால் அது மோசமாகும்: சூரியன் 22, பார்வை 10 பாகை என்றால், செய்மதி சூரியன் பக்கம் நிற்கும் படத்துக்கும் எதிர்ப்பக்கம் நிற்கும் படத்துக்கும் சிவப்பில் சுமார் 10 சதவீத வித்தியாசம்.

நாங்கள் எடுத்தது 2016 இல் அமெரிக்கச் செய்மதியான லான்ட்சாட்டுக்கென வந்த சி-காரணி முறை. கோணங்களைக் கொடுத்தால் தெறிப்பைக் கணித்துத் தரும் ஒரு கணித மாதிரி அதில் இருக்கிறது. பார்வை 0, சூரியன் 30 பாகை என்ற நிலைக்கு மாதிரி தரும் தெறிப்பை, அன்றைய கோணங்களுக்கு அது தரும் தெறிப்பால் வகுத்து, வரும் விடையால் அளந்த பெறுமானத்தைப் பெருக்க வேண்டும். மாதிரியில் ராஸ்-திக் (இலைகளுக்குள் சிதறும் ஒளிக்கு), லி-ஸ்பார்ஸ் (நிழலுக்கு) என்ற இரண்டு கருக்கள், அதாவது கோணங்களில் தங்கிய சூத்திரங்கள். சிவப்புக்குக் குணகங்கள் 0.1690 (மாறிலி), 0.0227 (லி), 0.0574 (ராஸ்). அண்மை அகச்சிவப்புக்கு 0.3093, 0.0330, 0.1535.

வேலை கெடுவது படத்தோடு வரும் கோணக் கோப்பில்தான். அதில் கோணங்கள் 5 கிலோமீற்றர் இடைவெளியில் 23×23 கட்டமாக இருக்கின்றன. பார்வைக்கோணம் ஒவ்வொரு உணரிக்கும் தனித்தனி, மிச்சக் கட்டங்கள் வெறுமை. நேர்கீழ்க் கோட்டைத் தாண்டும்போது திசைக்கோணம் ஏறக்குறைய 103 இலிருந்து 283 பாகைக்குப் பாயும். அதை அப்படியே இடைச்செருகினால் (இடையிலுள்ள பெறுமானங்களைக் கணித்தால்) நடுவில் இல்லாத திசை ஒன்று முளைக்கும். உச்சிக்கோணத்தின் தான்சனைத் திசையின் சைனாலும் கோசைனாலும் பெருக்கி, அந்த இரண்டு கூறுகளையும் இடைச்செருகிவிட்டு, பிறகு கோணமாக்குங்கள். பாகையை ஆரையனாக்க மறக்கவேண்டாம். லி கருவில் நேர்மாறு கோசைன் எடுக்கமுன் பெறுமானத்தை −1க்கும் 1க்கும் இடையில் கட்டுப்படுத்தாவிட்டால் படத்தில் ஓட்டைகள் விழும்.

04.00 செயலாக்கப் பதிப்பிலிருந்து (2022 ஜனவரி 25) வரும் படங்களில் பெருக்கலுக்கு முன்னரே 1000 ஐக் கழித்து 10000 ஆல் வகுக்க வேண்டும். கழிக்காமல் பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும்.

என்டிவிஐ (அண்மை அகச்சிவப்புக்கும் சிவப்புக்குமான வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் பச்சைச் சுட்டெண்) மட்டும் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பதே எங்கள் முடிவு. இந்தக் குணகங்களில் சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் நகர்வதால், வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. நீலத்தையும் சேர்த்துக் கணிக்கும் இன்னொரு பச்சைச் சுட்டெண்ணான ஈவிஐயில் அப்படி அடிபடாது. வகுக்கும் பகுதியில் கூட்டப்படும் மாறிலி விடாது. நீலம் 0.03, சிவப்பு 0.05, அண்மை அகச்சிவப்பு 0.40 என்றால் ஈவிஐ 0.59, மூன்றும் 10 சதவீதம் குறைந்தால் 0.55. புகையிலைத் தோட்டத்தில் இதை ஒரு வாட்டமென்று எடுத்துவிடலாம்.

குணகங்கள் நிலப்பரப்புகளின் சராசரி. வெறும் செம்பாட்டு மண்ணுக்கும் இலை மூடிய புகையிலைக்கும் ஒன்றையே போடுவதால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். விதைத்துத் தண்ணீர் நிற்கும் வயலுக்கு இதைப் போடவே வேண்டாம்: நீர்ப்பளபளப்பு இந்த மாதிரிக்குள் அடங்காது. படத்தோடு வரும் வகைப்பாட்டுப் படத்தில் 3 (மேக நிழல்), 6 (நீர்), 8, 9, 10 (மேகங்கள்) ஐ மறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காணி அளவும் பார்க்க வேண்டும். பரப்பு என்ற யாழ்ப்பாணக் காணி அளவில் ஒன்று சுமார் 253 சதுர மீற்றர், அதாவது 10 மீற்றர் பிக்சலில் இரண்டரை. வேலியும் வடலியும் கலக்காத பிக்சல் அதற்குள் கிடைப்பது அரிது. 16 பரப்புத் துண்டாக எடுத்து, நாலு பக்கமும் 10 மீற்றர் உள்ளே தள்ளினால் பத்துப் பதினைந்து சுத்தமான பிக்சல் மிஞ்சும்.